பூவரசை ஆட்டிப் பிடித்த மகளுக்கு

என் வயிற்றில் முதலில் வந்து, என்னை முந்திக்கொண்டு போயும் விட்ட பரீனா,

உனக்கு ஸலாம். மண்ணுக்குள் கபுறில் இருக்கிறவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம், அவர்களுக்கு அது போய்ச் சேரும் என்று எனக்கு ஓதிக்கொடுத்த லெப்பை சின்ன வயதில் சொல்லித் தந்தார். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கபுறடிக்குப் போவதில்லை. உன்னை எந்த மூலையில் வைத்தார்கள் என்பதுகூட ஆம்பிளைகள் கையை நீட்டிக் காட்டியதுதான் எனக்குத் தெரியும். அதனால் வீட்டுக்குப் பின்னால், நீ கடைசி ஆறு மாதமும் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரையில், பூவரசுக்கு நேரே இருந்துகொண்டு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. கோணல்மாணலாகத்தான் வரும். நீ பொறுமையாக வாசி.

முதலில் ஊர்ப் புதினம். நுஸ்ராவுக்கு ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் போகிறாள், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். உன் மகள் டீச்சராகப் போகிறாள், கேட்டாயா? மருமகனுக்கு இந்த முறையும் கட்டாரில் லீவு கொடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்புக்கரிக்கிறது. கடல் காற்றில் கிழக்கு வேலி சாய்ந்துவிட்டது, நிமிர்த்த ஆளில்லை. பூவரசு மட்டும் யாரையும் கேட்காமல் பூத்துக் கொட்டுகிறது. காலையில் மஞ்சள், பின்னேரம் சிவப்பு, மறுநாள் மண்.

இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றால் அது பொய். உன்னிடம் ஒன்று சொல்ல இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உன் கெமராவில் தொடங்குகிறேன்.

எத்தாளையிலிருந்து கனமூலை வரைக்கும் கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்துக்குப் படம் எடுக்க உன்னைத்தானே தேடினார்கள்? அந்நிய ஆம்பிளை உள்ளே வர முடியாத இடத்தில் நீ கெமராவோடு நிற்பாய். பரீனா எடுத்தால் அட்டியலில் உள்ள கல்லை எண்ணலாம் என்று மணப்பெண்ணின் உம்மாமார் சொல்லுவார்கள். அப்படி வெட்டி எடுத்த மாதிரிப் படம் எடுத்த நீ, நோய் வந்து, கொழும்பில் மருந்தேற்றித் தலைமுடி கொட்டி வந்த பிறகு என்ன செய்தாய்? வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த மரத்தைப் பிடிக்கத் தொடங்கினாய். அதுவும் சும்மா பிடிக்கவில்லை. பிடிக்கிற நேரம் பார்த்துக் கெமராவைத் தூக்கி ஆட்டினாய்.

முதல் நாள் நான் பக்கத்தில் இருந்து கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உன் கையைப் பார்த்ததும் மீனைச் சட்டியிலேயே போட்டுவிட்டுக் கேட்டேன்.

“புள்ள, கை நடுங்குதா?”

“நடுங்கல்ல உம்மா. நான்தான் ஆட்டுறன்.”

“ஆட்டினாப் படம் பழுதாப் போகாதா?”

“போகும். அதுக்குத்தான் ஆட்டுறன்.”

“மருந்து தலைக்கு ஏறிட்டோ உனக்கு?”

நீ சிரித்தாய். அந்தக் கிழமையில் நீ சிரித்தது அது ஒன்றுதான். பிறகு கெமராவைத் திருப்பிக் காட்டினாய். மரத்தைக் காணோம். பச்சை இழுபட்டுக் கிடந்தது, நடுவில் மஞ்சள் ஒழுகிக்கொண்டிருந்தது. இது மரமா, கறிச்சட்டியை விரலால் வழித்த மாதிரிக் கிடக்கிறதே என்றேன். “வழிச்சது வடிவா இரிக்கிதுதானே?” என்று கேட்டாய்.

அசர் தொழுத பிறகு வெயில் தணிகிற நேரம்தான் உனக்கு வேண்டும். வெளிச்சம் கூடிப்போனால் உன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கெமராவின் முன்னால் பிடிப்பாய். கெமராவின் கண்ணை ஒரு மூச்சு நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும், அந்த ஒரு மூச்சுக்குள் கையை இழுக்க வேண்டும் என்று சொன்னாய். அடிமரத்திலிருந்து உச்சிக்கு இழுத்தால் ஒரு மாதிரி. பக்கவாட்டில் இழுத்தால் வேறு மாதிரி. மணிக்கட்டைத் திருகினால் இலையெல்லாம் சுழி போட்டுக்கொண்டு நிற்கும். தலவில தேவாலயத் திருநாளுக்குப் போகிற பஸ்கள் ரோட்டில் ஹோர்ன் அடித்துக்கொண்டே போகும், உனக்குக் காதே கேட்காது. பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொன்னால்தான் கெமராவைக் கீழே வைப்பாய்.

நான் விடவில்லை. கை தானாக ஆடினாலும் இந்தப் படம்தான், நீ ஆட்டினாலும் இந்தப் படம்தான், பிறகு என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நீ சொன்னாய்:

“நிய்யத்து உம்மா. மனசில நிய்யத்து வெக்காமச் சும்மாக் குனிஞ்சி நிமிந்தா அது தொழுகையா? எக்ஸசைஸ். அதே மாதிரித்தான் இதுவும். கை தானா ஆடினாப் பழுது. நான் மனசில வெச்சி ஆட்டினாப் படம்.”

“அல்லாஹ்ட தொழுகையையும் உன்ட கறிச்சட்டியையும் ஒண்டாக்காத.” அப்படிச் சொல்லி எழும்பிப் போனேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அது இப்போது என்னை என்ன பாடுபடுத்துகிறது தெரியுமா?

உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. உன் முகத்தை ஒரு படம் எடுத்து வை என்று கேட்டேன். எத்தனை முறை கேட்டேன்? கெஞ்சிக் கேட்டேன், ஏசியும் கேட்டேன். முடி இல்லாவிட்டால் என்ன, முக்காடு போட்டு எடுக்கலாம் என்றேன்.

“இந்த முகத்தையா உம்மா? வீங்கிப் போய், புருவமும் இல்லாம? இத வெச்சி என்னை ஞாபகம் வெக்கப் போறீங்களா?”

“எனக்கு ஒண்டு வேணும்.”

“என்ட கலியாணப் படம் அலுமாரில இரிக்கிது.”

இருக்கிறதுதான். பதினெட்டு வயதுப் பிள்ளை, பயந்த முழி. அடையாள அட்டையிலும் ஒன்று இருக்கிறது, அதில் யாரிலோ கோபமாக இருக்கிறாய். அவை இரண்டும் நீ இல்லை. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் படம் பிடித்தவளுக்குத் தன் படம் ஒன்று இல்லை.

நான் ஏன் அப்படி அடம்பிடித்தேன் என்று உனக்குத் தெரியும். தொண்ணூறில் இயக்கக்காரர் வந்து முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரிலிருந்து போகச் சொன்னபோது உனக்கு எட்டு வயது. தோணிக்கு ஓடுகிற அவசரத்திலும் நான் அலுமாரியைத் திறந்து என் உம்மாவின் படத்தைக் கையில் எடுத்தேன். ஹஜ்ஜுக்குப் போகும் ஆசையில் பாஸ்போட்டுக்காக எடுத்த படம். அவ போகவும் இல்லை, வேறொரு படம் எடுக்கவும் இல்லை. உன் வாப்பாவின் தங்கச்சி, என் மதினி, என் கையிலிருந்து அதைப் பறித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். “ஒரு கிழமைல திரும்பி வரப் போறம், படத்தத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க மதினி” என்று சொல்லி ஒரு சருவச்சட்டியை என் கையில் திணித்தாள்.

அவள் அன்றைக்கு உடுத்திருந்த சேலையின் கரை என்ன நிறம் என்று கேள், சொல்லுவேன். ஊதா. தோணியில் யார் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று கேள், சொல்லுவேன். என் உம்மாவின் மூக்கு எப்படி இருந்தது என்று கேட்காதே. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு நீயும் நானும் போய்ப் பார்த்தோமே, சுவருக்குள் எருக்கலை முளைத்திருந்தது. அலுமாரி இல்லை, கதவும் இல்லை.

மதினி இங்கேதான் மௌத்தானாள். கடைசிப் படுக்கையில் என்னைக் கூப்பிட்டு, ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். என்னத்துக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொறுத்தேன் என்று வாயால் சொன்னேன். மனசால் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்றாய். வெளியே வந்ததும், “உம்மா, அது பொய்தானே?” என்று கேட்டாய். உனக்கு எப்படித்தான் தெரியுமோ.

சரி. சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

உன் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த அடுத்த நாள் நான் உன் கெமராவிலிருந்து அந்த நகத்தளவு சிப்பைக் கழற்றிக்கொண்டு சந்திக்குப் போனேன். ஹில்மியின் போன் கடைக்கு. அவன் யாருடைய மகன் என்று உனக்குத் தெரியும்தானே. நாங்கள் இங்கே வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்த நாளில், குழாயடியில் என் குடத்தைக் காலால் தள்ளி, “அகதிக்கு ரெண்டு குடம் போதும்” என்று சொன்னாளே, அவளுடைய மகன். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து நான் அந்தப் படியை மிதித்ததில்லை. வேறு கடைக்குப் போக எனக்குக் கால் தாங்கவில்லை, அதனால் போனேன்.

“வாங்க மாமி, இரிங்க” என்று கதிரை போட்டான். நான் இருக்கவில்லை. சிப்பைக் கொடுத்து, இதில் என் மகளின் முகம் எங்கேயாவது இருக்கிறதா பார் என்றேன்.

கம்பியூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். பச்சை. மஞ்சள். கறுப்பு. திரும்பவும் பச்சை. நானூறுக்கு மேல் என்றான். நான் ஒன்றைக்கூட விடாமல் பார்த்தேன் பரீனா. நின்றுகொண்டே பார்த்தேன். கண்ணாடி ஜன்னலில் தற்செயலாக விழுந்திருப்பாய், நிழலாவது விழுந்திருக்கும் என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசிப் படமும் வழித்த கறிச்சட்டிதான்.

“எல்லாம் ஆடின படம் மாமி. பாவம், பரீனா தாத்தாட கை நடுங்கியிருக்கும்” என்றான் ஹில்மி. உனக்கு இளையவன், அக்கா முறை வைத்துத் தாத்தா என்கிறான்.

“அழி” என்றேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

பிறகு அந்தச் சிப் நிறைய ஓதல் போட்டுத் தரச் சொன்னேன். முதலில் யாசீன் சூரா, பிறகு குர்ஆனின் முப்பது ஜுஸ்உம். வீட்டில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் செருகினால் காலையும் மாலையும் ஓதும், அந்த நன்மை உனக்கு வந்து சேரும். மரத்தை அழித்துவிட்டு யாசீனை ஏற்றினேன். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்லுவார்கள். நானும் வீட்டுக்கு நடந்து வருகிறபோது அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் அது ஓதியது. பதினோராவது நாள் நுஸ்ரா உன் கெமராவைத் திறந்தாள்.

“உம்மம்மா, சிப் எங்க?”

நான் ஸ்பீக்கரைக் காட்டினேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன்.

“அது பழுதுபட்ட படம் புள்ள. உம்மாட ஒரு முகம் இல்ல அதுக்குள்ள.”

“முகமா?” என்றாள். “உம்மா உங்களுக்குச் சொல்லல்லயா? மரம் நிண்ட இடத்திலதான் நிண்டிச்சு. அசஞ்சது உம்மாட கை. அந்தப் படத்தில தெரியிறதெல்லாம் மரம் இல்ல உம்மம்மா, உம்மா கைய எப்படி இழுத்தாங்களோ அந்த இழுவைதான். ஒவ்வொரு படத்திலயும் உம்மா இருந்தாங்க.”

நீ எனக்கு ஏன் அதைச் சொல்லவில்லை? நிய்யத்து என்று சொன்னாய், மூச்சு என்று சொன்னாய். இதை மட்டும் அவளுக்கு ஏன் சொல்லி வைத்தாய்? நான் கறிச்சட்டி என்று சொன்னதால் எனக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாயா? இருக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்த நாள் அவள் சிப்பை எடுத்துக்கொண்டு புத்தளம் டவுனுக்குப் போனாள், அங்கே சரிவராமல் கொழும்புக்கும் போனாள். அழித்தது மட்டும் என்றால் எடுக்கலாமாம். அழித்த இடத்தில் மேலே வேறொன்று எழுதிவிட்டால் கீழே உள்ளது வராதாம். சிப்பின் கடைசி மூலை வரைக்கும் ஓதல் நிறைந்திருந்தது. திரும்பி வந்து அதை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

“யாசீன் எண்டதால ஏசவும் ஏலாது. யாசீன அழிக்கவும் மனசு வருதில்ல. நான் என்ன செய்ய உம்மம்மா?” என்று கேட்டாள். பிறகு என் கண்ணைப் பார்த்து இன்னொன்று கேட்டாள். “நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க?”

“ஓம் புள்ள. தெரியாம. ஹில்மிதான் பழுது எண்டு சொன்னான்.”

நான் சொன்னது இதுதான். எழுத்துப் பிசகாமல் இதுதான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. சோறு தருவாள், மருந்து தருவாள், கதை இல்லை. யாரோடும் பேசாமல் இருக்கிற வித்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கத் தேவையில்லை. நான் முப்பது வருடம் ஹில்மியின் உம்மாவோடு பேசாமல் இருந்து காட்டிய வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஆனால் நான் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன், இந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. பேசாதவளின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பது இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஏலாத்தனத்தில் ஒரு நாள் உன் கெமராவைத் தூக்கினேன். நுஸ்ரா அதில் ஒரு புதுச் சிப் வாங்கிப் போட்டு வைத்திருந்தாள். நீ எடுத்த மரம்தானே, நிற்கிறதுதானே, அதே கதிரை, அதே நேரம். ஒன்றாவது எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உன் கறுப்புக் கண்ணாடியையும் கொண்டுவந்தேன். ஆட்டினேன். என்ன நடந்தது தெரியுமா? மரம் தெளிவாக விழுந்தது! இலையில் புழு கடித்த ஓட்டை கூடத் தெரிகிறது. மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன், பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டினேன். எல்லாம் தெளிவு. ஆயுள் முழுக்கத் தெளிவாக எடு, தெளிவாக எடு என்று கத்தினவளுக்கு அல்லாஹ் தெளிவையே தந்துகொண்டிருந்தான். நான்கு பின்னேரம் அப்படிப் போனது.

ஐந்தாம் நாள் நுஸ்ரா குசினிக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்தாள். கெமராவின் மேலே உள்ள வட்டச் சில்லை டக் டக் என்று திருப்பினாள், ஏதோ அமுக்கினாள், என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குக் கெமராவின் கண் ஒரு மூச்சு திறந்து நின்றது, மரம் இழுபட்டது. பச்சை வழிந்தது, மஞ்சள் வழிந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். ஓடுகிற வயதில்லை, ஆனாலும் ஓடினேன்.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். உன்னை மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

“இது உம்மாட கை இல்ல” என்றாள். “இது உங்கட கை. வெட்டி வெட்டி இழுக்கிறீங்க. உம்மா தண்ணி ஊத்துற மாதிரி இழுப்பாங்க.”

மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது. எனக்கு அது சரியென்றும் பட்டது. நான் மீன் வெட்டுகிற மாதிரித்தான் எதையும் இழுப்பேன்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு பின்னேரமும் எடுக்கிறேன், அவள் பார்க்கிறாள். “இது கொஞ்சம் பரவாயில்ல”, “இது சண்டை புடிக்கிற மரம்”, “இது உங்கட மதினி” என்று பகிடி பண்ணுகிறாள். நானும் சிரிக்கிறேன். உன் கை வரவே இல்லை. இனி வராது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். புதுச் சிப் கெமராவில் நிறைகிறது. பழையது ஸ்பீக்கரில் ஓதிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். என் முழங்காலில் கையை வைத்தாள்.

“உம்மம்மா, நான் போறத்துக்கு முந்திச் சொல்லணும். தெரியாமச் செஞ்சதுக்கு எவ்வளவு நாளைக்குக் கோவிச்சிக்கிட்டு இரிக்கிற? நான் விட்டுட்டன். நீங்களும் மனசில வெச்சிக்காதீங்க. அந்த ஹில்மியத்தான் என்னால பொறுக்க ஏலாது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தானே அந்த மனிசன்?”

அவன் கடையைத் தாண்டிப் போகிறபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள் பரீனா. அவன் ஸலாம் சொன்னால் பதில் சொல்லுவதில்லை. பஸ்ஸில் இருந்து நான் பார்த்தேன். அந்தத் திருப்பலைப் பார்த்தேன். அது என் கழுத்து.

இனி நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லுகிறேன்.

ஹில்மி கேட்டான். ஒரு முறை இல்லை. “எல்லாத்தையுமா?” என்று கேட்டதை மேலே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் கம்பியூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டான். “மாமி, இது தாத்தா வேணுமெண்டே எடுத்ததோ தெரியாது. எல்லாம் ஒரே மரம் மாதிரிக் கிடக்கு. இப்படியும் எடுக்கிறவங்க இரிக்கிறாங்க. நான் என்ட கம்பியூட்டர்ல ஒரு கொப்பி போட்டு வெக்கிறன். நுஸ்ரா வந்தாக் குடுக்கலாம்” என்றான். நல்ல குரலில்தான் சொன்னான்.

நான் வேண்டாம் என்றேன்.

நீ வேணுமென்றே எடுத்தது என்று எனக்கும் தெரியும். நீதானே சொன்னாய், நிய்யத்து என்று? கை நடுங்கவில்லை என்று சொன்னாயே, நான் மறந்தா போனேன்? நான் எதை மறந்திருக்கிறேன்? தெரிந்துதான் சொன்னேன். எனக்கு உன்னில் கோபம். பெற்ற உம்மா ஒரு முகத்தைக் கேட்டாள், நீ மரத்துக்குக் கொடுத்ததை எனக்குத் தரவில்லை. நானூறு முறை தரவில்லை. மௌத்தான பிள்ளையில் யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன். அந்த மரத்தில் பட்டேன். இரண்டாவது, அந்தக் குழாயடிக்காரி பெற்ற மகனிடம் ஓர் உதவி வாங்கி, அவன் கம்பியூட்டரில் என் பிள்ளையின் பொருளை வைத்து, நாளைக்கு அதற்காக அவன் படி ஏறி நிற்க எனக்கு மனமில்லை. குடத்தைத் தள்ளிய அந்தக் கால் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

யாசீன் பிறகுதான். அழித்து முடிந்து சிப் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தை மூடத்தான் ஓதலை ஏற்றினேன். நன்மை என்று பெயர் வைத்தேன். நீ சொன்ன மாதிரிப் பார்த்தால் அது என்ன பரீனா? குனிந்து நிமிர்ந்ததா? அந்த ஓதல் உனக்கு வந்து சேருகிறதா, என் கோபத்தில் தட்டித் திரும்பி விடுகிறதா? யாரிடம் போய்க் கேட்பேன்? லெப்பையிடம் கேட்டால் நீ எதற்காக அழித்தாய் என்று கேட்பார்.

அவள் என் முழங்காலில் கையை வைத்து விட்டுட்டன் என்று சொன்னபோது நான் வாயைத் திறந்தேன். தேத்தண்ணியைக் குடித்தேன். பொய்யாகப் பொறுத்தேன் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, பொய்யின் மேல் கிடைக்கிற மன்னிப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். அது கையில் நிற்காது. அவள் மனசார விட்டுவிட்டாள். விட்டது என்னை இல்லை. தெரியாமல் செய்த ஒரு பாவப்பட்ட கிழவியை விட்டாள். அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் மறக்க மாட்டாள். என் ஞாபகம்தான் அவளுக்கு வந்திருக்கிறது. நான் இன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்திருக்கிறேன் என்பதைக்கூட நாற்பது வருடத்துக்குப் பிறகு சொல்லுவாள். படிக்கப் போகிற இடத்திலிருந்து லீவுக்கு வருவாளோ என்னவோ. சொல்லாவிட்டால் அடுத்த மாதம் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போவாள். எனக்கு அந்தக் கட்டிப்பிடிப்பு வேண்டும் பரீனா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து நாளாக இந்த எழுதுகிற கொப்பியை எடுக்கிறேன், மூடுகிறேன்.

அவள் வாங்குகிற கிழமைப் பத்திரிகையில் மௌத்தானவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஒரு பக்கம் வருகிறது. அனுப்புவோமா என்று அவளே ஒரு நாள் கேட்டாள், உம்மாவைப் பற்றி நீங்கள் எழுதுங்கள், நான் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். எழுதிவிட்டேன். பிழை திருத்த அவளிடம்தான் கொடுக்க வேண்டும். என் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அவள் அசர் தொழுது பாயைச் சுருட்டுகிறபோது இந்தத் தாள்களை அவள் கையில் வைப்பேன். முன்னால் உட்கார்ந்திருப்பேன். வாசித்து முடிக்கும் வரைக்கும் தண்ணீர் குடிக்கவும் எழும்ப மாட்டேன். பொறுத்துக்கொள் என்று கேட்க மாட்டேன், அந்த வார்த்தையை நான் ஏற்கனவே பழுதாக்கிவிட்டேன். கிழி என்று சொன்னால் கிழிப்பேன். ஹில்மியின் கடைக்குப் போய் அவனிடம் சொல்லு என்று சொன்னால் அந்தப் படியை ஏறுவேன். எல்லோரும் வாசிக்கட்டும், அனுப்பு என்று சொன்னால் ஓர் எழுத்தை மாற்றாமல் அனுப்புவேன். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனால், அவள் போன பக்கம் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் உம்மா,
நாளைக்குப் பிறகு நுஸ்ரா எப்படிக் கூப்பிடுவாளோ தெரியாத அவளுடைய உம்மம்மா.